டெக்சஸ்–ஓக்லஹோமா ஆட்டம்: முதன்முறை போகிறவர்களுக்கு

ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகமும் நார்மனில் உள்ள ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் அக்டோபரில் டாலஸ் நகரின் காட்டன் பவுல் அரங்கில் மோதுகின்றன. அந்த அமெரிக்க ஃபுட்பால் (நம் ஊர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது) ஆட்டத்துக்கு நீங்கள் முதல் தடவையாகப் போகப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். படிக்க வந்தவராக இருக்கலாம். வேலை கிடைத்து, டாலஸை ஒட்டிய இர்விங்கிலோ பிளேனோவிலோ குடியேறியவராக இருக்கலாம். அலுவலகத்தில் யாரோ கூடுதலாக இருந்த ஒரு டிக்கெட்டைக் கொடுத்திருக்கலாம். எப்படி வந்தாலும் சரி, கொஞ்சம் தயாரித்துக்கொண்டு போனால் அந்த நாள் வாழ்நாளுக்கும் நினைவில் நிற்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டெக்சஸ் பக்கத்து ஆள். இந்த ஆட்டம் என்றால் எனக்கு உயிர். கீழே உள்ள யோசனைகள் இரண்டு தரப்புக்கும் பொருந்தும். ஆனால் உதாரணம் சொல்லும்போது டெக்சஸின் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன்.

என்ன பகை இது?

இரண்டு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடுவது ரெட் ரிவர். இந்த இரண்டு அணிகளும் முதலில் மோதியது 1900-இல். 1929 முதல் ஒரு வருடம்கூட விடாமல் டாலஸில் நடக்கிறது. ஆஸ்டினிலிருந்தும் நார்மனிலிருந்தும் டாலஸ் ஏறத்தாழ 200 மைல். இந்த ஆட்டத்துக்கு இரண்டு பேருக்கும் சொந்த மைதானம் கிடையாது, இரண்டு பேரும் நடுவழியில் வந்து சந்திக்கிறார்கள்.

ஓக்லஹோமாவின் பெரிய அணிகளில் எல்லாக் காலத்திலும் டெக்சஸ் மாநிலத்துப் பையன்கள் நிறைய பேர் இருந்தார்கள். நம் ஊர்ப் பையனைக் கூட்டிப்போய் நமக்கு எதிராகவே ஆடவிடுகிறார்கள் என்ற ஆற்றாமை இங்கே பல தலைமுறைகளாக உண்டு. எதிர்த்திசையிலும் ஒருவர் வந்தார். டேரல் ராயல் ஓக்லஹோமாவில் பிறந்தவர், ஓக்லஹோமா அணிக்கே குவார்ட்டர்பேக்காக (ஆட்டத்தை நடத்திப் பந்தை வீசுபவர்) ஆடியவர். அவரே 1957 முதல் 1976 வரை டெக்சஸின் பயிற்சியாளராக இருந்து, 1963, 1969, 1970 ஆண்டுகளில் தேசியப் பட்டத்தை ஆஸ்டினுக்குக் கொண்டுவந்தார். ஓக்லஹோமாக்காரர்களுக்கும் பெருமைக்குக் குறைவில்லை. 1953 முதல் 1957 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களை வென்று அவர்கள் படைத்த சாதனையைப் பெரிய கல்லூரி அணிகளில் இன்றுவரை யாரும் தொடவில்லை. அந்த 47-இல் முதல் வெற்றி, இதே அரங்கில் எங்களைத் தோற்கடித்துப் பெற்றது.

2024-இல் இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்தே எஸ்.இ.சி. என்ற பெரிய கூட்டமைப்புக்கு மாறின. இடம் மாறவில்லை. 2036 வரை காட்டன் பவுலில்தான் ஆட்டம் என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.

முதல் வேலை: பக்கத்தை முடிவு செய்யுங்கள்

மற்றக் கல்லூரி ஆட்டங்களில் உள்ளூர் அணியின் ரசிகர்கள் அரங்கை நிரப்பியிருப்பார்கள், வந்த அணிக்கு ஒரு மூலை கிடைக்கும். இங்கே அப்படி இல்லை. 92,100 பேர் அமரும் அரங்கம் 50 கெஜக் கோட்டில் சரிபாதியாகப் பிரிகிறது. ஒரு பாதி முழுக்க ஆரஞ்சு, மறுபாதி முழுக்கச் சிவப்பு. கோடு போகும் வரிசையில் ஓர் ஆரஞ்சுச் சட்டையும் ஒரு சிவப்புச் சட்டையும் முழங்கை இடிக்க உட்கார்ந்திருக்கும்.

இதனால் ஒவ்வொரு ஆட்ட அசைவுக்கும் பாதி அரங்கம் துள்ளி எழும், பாதி அரங்கம் அப்படியே அமரும். பந்து காற்றில் இருக்கும்போதே, அதைக் கிட்டத்தில் பார்க்கிற பக்கத்துக்கு முடிவு தெரிந்துவிடும். அந்தச் சத்தம் உங்களுக்கு வந்துசேர ஒரு கணம் ஆகும். அந்த ஒரு கணத்தில் வயிற்றைப் பிசையும் பாருங்கள், அதற்காகத்தான் நாங்கள் வருடா வருடம் போகிறோம். ‘எனக்கு யார் ஜெயித்தாலும் சரி’ என்று நடுநிலையாகப் போகிறவருக்கு அது கிடைக்காது. உங்களுக்குச் சொந்தமாக ஒரு தொடர்பு இல்லையென்றால் நண்பரின் அணி, டிக்கெட் கொடுத்தவரின் அணி, குடியிருக்கும் மாநிலத்தின் அணி என்று ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மாலை வரை அதுதான் உங்கள் அணி.

டிக்கெட்

இருக்கைகளை இரண்டு பல்கலைக்கழகங்களும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு விற்கின்றன. ஆண்டுச் சந்தா வைத்திருப்பவர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் முன்னுரிமை. மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. மாணவராக இருந்தால் கோடை விடுமுறையிலேயே பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள், அதைவிட மலிவான வழி கிடையாது. மற்றவர்கள் மறுவிற்பனைத் தளங்களில்தான் வாங்கவேண்டி வரும். ஒரு டிக்கெட்டுக்குச் சில நூறு டாலர் ஆகும், இரண்டு அணிகளும் நல்ல நிலையில் இருந்தால் இன்னும் ஏறும்.

வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். அந்தப் பிரிவு எண் எந்தப் பல்கலைக்கழகத்தின் பாதியில் வருகிறது என்று இருக்கை வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிவிட்டு, ஆரஞ்சுச் சட்டையோடு சிவப்புக் கடலின் நடுவே மூன்றரை மணி நேரம் உட்காருவது சுகமாக இருக்காது. குடும்பமாகப் போனால் இது ரொம்பவே முக்கியம்.

டிக்கெட் கைப்பேசியில்தான் வரும். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே அதைக் கைப்பேசியின் வாலெட்டில் சேர்த்துவிடுங்கள். அவ்வளவு கூட்டத்தில் வாசலில் நின்றுகொண்டு இணையம் வரும் வரும் என்று காத்திருக்க முடியாது. திரைப்பிடிப்பு எடுத்துவைத்தால் போதும் என்று நினைக்கவேண்டாம், பல டிக்கெட்டுகளில் குறியீடு மாறிக்கொண்டே இருக்கும். நடைபாதையில் யாராவது டிக்கெட் இருக்கிறது என்று அழைத்தால் நிற்காமல் நடந்துவிடுங்கள்.

இன்னொரு நல்ல செய்தி: ஆட்ட டிக்கெட்டிலேயே, அரங்கைச் சுற்றி நடக்கும் மாநிலப் பொருட்காட்சியின் அன்றைய நுழைவும் அடங்கிவிடும். அதைப் பற்றிக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

சட்டையின் நிறம்

டெக்சஸின் ஆரஞ்சு பளிச்சென்ற ஆரஞ்சு அல்ல, சுட்ட செங்கல் நிறம். வீட்டில் இருக்கிற ஏதோ ஒரு ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனால் அது வேறு கல்லூரியின் நிறமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓக்லஹோமா மாநிலத்திலேயே இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் பளிச்சென்ற ஆரஞ்சுதான் நிறம். ஓக்லஹோமாவின் சிவப்பு கொஞ்சம் அடர்த்தியானது, கூடவே பாலேட்டு வெள்ளை. அரக்கு நிறத்தைத் தவிருங்கள், அது டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம், அவர்களோடும் எங்களுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. பல்கலைக்கழகச் சின்னம் போட்ட சாதாரண டி-ஷர்ட் ஒன்று போதும், விலை உயர்ந்த ஜெர்ஸி தேவையில்லை.

அக்டோபர் என்றால் குளிரும் என்று நினைத்து ஸ்வெட்டரோடு வராதீர்கள். டாலஸில் அந்த மாதத்திலும் வெப்பம் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் நாட்கள் உண்டு. அரங்கில் பெரும்பாலான இருக்கைகளுக்கு மேலே நிழல் கிடையாது. தொப்பி, வெயில் களிம்பு, நடக்க வசதியான மூடிய செருப்பு அல்லது ஷூ. நாள் முழுக்க நடையோ நடை.

விதிகள், தேவையான அளவுக்கு

முழு விதிப்புத்தகமும் வேண்டாம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 கெஜம் முன்னேற 4 வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். 10 கெஜம் கடந்தால் மறுபடி புதிதாக 4 வாய்ப்பு. எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தால் டச் டவுன், 6 புள்ளி. அப்புறம் ஓர் உதை, 1 புள்ளி. டச் டவுன் வரை போக முடியாது என்று தோன்றினால் கம்பத்துக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுப்பது ஃபீல்டு கோல். தலா 15 நிமிடம் கொண்ட 4 பகுதிகள். கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் மொத்தம் மூன்றரை மணி நேரம் பிடிக்கும்.

மூன்றாவது டவுனை மட்டும் கண்கொத்திப் பாம்பாகக் கவனியுங்கள். அதில் தேவையான தூரம் கிடைக்காவிட்டால் பெரும்பாலும் பந்தை எதிரணியிடம் உதைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆட்டத்தின் சூடு முழுக்க அங்கேதான்.

சமநிலையில் முடிந்தால் கூடுதல் ஆட்டம் உண்டு. 2020-இல் நான்கு கூடுதல் ஆட்டங்கள் வரை போய் ஓக்லஹோமா 53–45 என்று ஜெயித்தது. ஆகவே திரும்பும் நேரத்தை இறுக்கமாகத் திட்டமிடாதீர்கள்.

போய்ச் சேருவது

ஆட்டம் எப்போது தொடங்கும் என்பதைத் தொலைக்காட்சி நிறுவனம்தான் முடிவு செய்கிறது. நெடுங்காலம் காலை 11 மணிக்குத்தான் இருந்தது, 2024-இலும் 2025-இலும் மதியம் 2.30. உங்கள் வருடத்தின் நேரத்தை உறுதி செய்துகொண்டு, தொடங்குவதற்கு 3 மணி நேரம் முன்பாவது, அரங்கமும் பொருட்காட்சியும் உள்ள ஃபேர் பார்க் வளாகத்துக்குள் இருக்கும்படி கிளம்புங்கள்.

காரில் போகவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அக்கம்பக்கத்து வீடுகளின் முற்றத்தில்கூட காசு வாங்கிக்கொண்டு நிறுத்தவிடுவார்கள். ஆனால் ஆட்டம் முடிந்து வெளியே எடுக்க நெடுநேரம் ஆகும். டாலஸ் வட்டாரத்தின் டார்ட் ரயிலின் பச்சை வழித்தடம் பொருட்காட்சியின் பெரிய வாசலுக்கு எதிரிலேயே, ஃபேர் பார்க் நிலையத்தில் இறக்கிவிடும். அதற்கு அடுத்த எம்.எல்.கே. ஜூனியர் நிலையத்தில் இறங்கினால் இன்னொரு வாசலுக்குக் கொஞ்ச தூர நடை, அங்கே கூட்டம் சற்றுக் குறைவு. பிளேனோ பக்கமிருந்து வருகிறவர்கள் சிவப்புத் தடத்தில் ஏறி டவுன்டவுனில் பச்சைக்கு மாறவேண்டும். இர்விங் பக்கம் ஆரஞ்சுத் தடம், அதே மாற்றம். கேரல்டனிலிருந்து மாறாமலே வரலாம். ஃபிரிஸ்கோவுக்கு டார்ட் ரயில் கிடையாது, பார்க்கர் ரோடு நிலையம் வரை காரில் வந்து நிறுத்திவிட்டு ஏறுங்கள். பயணச்சீட்டை கோபாஸ் செயலியில், குழுவில் உள்ள எல்லோருக்குமாக, முன்னதாகவே, அதுவும் நாள் முழுவதற்குமான சீட்டாக வாங்கிவிட்டால் திரும்பும்போது இயந்திரத்தின் முன் வரிசையில் நிற்கவேண்டாம்.

பொருட்காட்சியும் சாப்பாடும்

இந்த ஆட்டத்தை வேறெந்த ஆட்டத்திலிருந்தும் பிரிப்பது இதுதான். அரங்கம் இருப்பதே டெக்சஸ் மாநிலப் பொருட்காட்சியின் நடுவில். சென்னை தீவுத்திடல் பொருட்காட்சியின் மத்தியில் ஒரு சேப்பாக்கத்தைத் தூக்கி வைத்தது போலிருக்கும். ராட்டினம், கால்நடைக் காட்சி, கார் கண்காட்சி, எண்ணெய்ப் புகை, மார்ச்சிங் பேண்டின் முழக்கம், எல்லாம் ஒரே இடத்தில்.

உள்ளே போனதும் பிக் டெக்ஸைப் பாருங்கள். 55 அடி உயரக் கௌபாய் பொம்மை. 1952 முதல் அங்கே நிற்கிறது. 2012 அக்டோபரில் தீப்பிடித்து எரிந்து, அடுத்த வருடமே புதிதாக எழுந்தது. யாராவது பிரிந்துபோனால் இங்கே வந்து நிற்கவேண்டும் என்று குழுவில் உள்ள எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். கைப்பேசித் தொடர்பு அன்றைக்கு நம்ப முடியாதது. சிறு பிள்ளைகளின் மணிக்கட்டில் உங்கள் எண்ணை எழுதிக் கட்டிவிடுங்கள்.

பெரும்பாலான கடைகளில் கூப்பன் கொடுத்துத்தான் வாங்கவேண்டும், பணமாகக் கொடுக்க முடியாது. கூப்பன் கூண்டு கண்ணில் பட்டவுடன் வாங்கிவிடுங்கள், மதியத்தில் அங்கேயும் வரிசை நீளும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஃப்ளெச்சர்ஸ் கார்னி டாகை விடக்கூடாது. குச்சியில் செருகிய சாசேஜைச் சோள மாவில் தோய்த்துப் பொரித்தது. மேலே கடுகுச் சாந்தை ஒரு கோடு இழுத்துக்கொண்டு, நடந்துகொண்டே சாப்பிடவேண்டும். மாவு மொறுமொறுவென்று உடையும், உள்ளே ஆவி பறக்கும், முதல் கடியில் நாக்கைச் சுட்டுக்கொள்ளாதவர் அபூர்வம். 1942 முதல் இந்தப் பொருட்காட்சியில் விற்கிறார்கள்.

சைவர்களுக்குச் சுட்ட சோளக்கதிர், உருளைக்கிழங்கு வறுவல், எலுமிச்சைச் சாறு தாராளமாகக் கிடைக்கும். ஃபனல் கேக் என்ற பொரித்த இனிப்பில் முட்டை உண்டு. பொரிக்கும் எண்ணெய் பொதுவாக இருக்கலாம், கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவர்கள் கேட்டு வாங்குங்கள். பொருட்காட்சிக்குள் வெளிச் சாப்பாட்டை அனுமதிக்கிறார்கள், கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. ஆகவே எலுமிச்சைச் சாதமும் உருளைப் பொரியலும் கட்டிக்கொண்டு போகலாம். தூக்கி எறியக்கூடிய டப்பாவில் கொண்டுபோங்கள். எவர்சில்வர் டப்பாவை அரங்கத்துக்குள் எடுத்துப்போக முடியாது, வெளியே வைத்துப் போகவும் இடமில்லை.

அரங்கத்துக்குள்

பொருட்காட்சியின் வாசல் வேறு, அரங்கத்தின் வாசல் வேறு. இரண்டாவது சோதனைதான் கடுமையானது. கைப்பை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருக்கவேண்டும், 12 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த வருடத்தின் விதியை முந்தின நாள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாதாரணக் கைப்பையோடு வரிசையின் முனை வரை வந்து திருப்பி அனுப்பப்படுகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இருக்கைக்குப் போய்விடுங்கள். காரணம் அந்தச் சுரங்கப்பாதை. இரண்டு அணிகளும் ஒரே சுரங்கப்பாதை வழியாகத்தான் மைதானத்துக்கு வரவேண்டும். தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி ஆட்டக்காரர்கள் சரிவில் நடந்து வருவார்கள், இரண்டு பக்கக் கைப்பிடியிலும் ரசிகர்கள் பாதி உடம்பைத் தொங்கவிட்டுக் கத்துவார்கள். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் முதல்முறையாக அந்தச் சத்தத்துக்குள் நுழையும்போது அவன் முகத்தைப் பாருங்கள். டிக்கெட் காசு அங்கேயே கழிந்துவிட்டது.

இருக்கைகளில் பெரும்பாலானவை முதுகுச்சாய்வு இல்லாத நீள பெஞ்சுகள். அதில் உட்கார்ந்திருக்கும் நேரமும் குறைவு. முக்கியமான கட்டங்களில் முன்வரிசை எழுந்து நிற்கும், பின்னால் இருப்பவர்களும் எழுந்தாகவேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப்போனால் டிக்கெட் வாங்கும்போதே படி ஏறத் தேவையில்லாத இடமாகப் பாருங்கள்.

எப்போது கத்த வேண்டும், எப்போது வாயை மூடவேண்டும்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். நம் அணியிடம் பந்து இருக்கும்போது கத்தக்கூடாது. குவார்ட்டர்பேக் சொல்லும் கட்டளை தன் ஆட்களுக்குக் கேட்கவேண்டும். எதிரணியிடம் பந்து இருக்கும்போது, அதுவும் மூன்றாவது டவுனில், தொண்டை கிழியக் கத்தவேண்டும். அவர்களுக்குள் பேச்சு கேட்காமல் போய், ஒருவன் அவசரப்பட்டு முன்னால் நகர்ந்துவிட்டால் 5 கெஜம் தண்டனை. அதை நாம் கத்தியே வாங்கித்தருகிறோம். பார்வையாளர் ஆட்டத்துக்குள் நுழையும் இடம் அது.

பாதிப் பாதி அரங்கத்தில் இதற்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் அணிகள் முனை மாறும். எதிரணி நம் பாதியை நோக்கி வரும்போது நம் சத்தம் நேராக அவர்கள் காதில் விழும். நான்காவது பகுதியில் அவர்கள் எந்த முனையை நோக்கி ஆடப்போகிறார்கள் என்று மூன்றாவது பகுதி முடிவதற்குள் கணக்குப் போட்டுவையுங்கள். அது உங்கள் முனை என்றால் குரலைக் கொஞ்சம் சேமித்துவையுங்கள்.

டெக்சஸ் பக்கத்தில் கை முத்திரை ஒன்று உண்டு. ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் மேலே, நடு இரண்டு விரல்களைக் கட்டைவிரல் பிடித்திருக்கும். காளையின் கொம்பு. 1955-இல் ஹார்லி கிளார்க் என்ற மாணவர் அறிமுகம் செய்தது. ஒரு பக்கம் ‘டெக்சஸ்’ என்று கத்தினால் மறுபக்கம் ‘ஃபைட்’ என்று திருப்பிக் கத்தவேண்டும். பல்கலைக்கழகப் பாட்டு தொடங்கினால் எழுந்து, கொம்பு முத்திரையோடு கையை உயர்த்துங்கள். வார்த்தை தெரியாவிட்டால் பரவாயில்லை, பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துச் செய்யுங்கள். மைதான ஓரத்தில் பீவோ நிற்பான், நீளக் கொம்புள்ள உயிருள்ள காளை. ஓக்லஹோமா பக்கத்தில் ‘பூமர்’ என்றால் ‘சூனர்’ என்பது பதில். அவர்கள் எங்கள் கொம்பு முத்திரையைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டுவார்கள், நாள் முழுக்கக் காட்டுவார்கள். கோபப்படாதீர்கள், அதைச் செய்வதற்காகவே 200 மைல் வந்திருக்கிறார்கள். நம் காளையைப் பார்த்தால் அவர்களுக்கு நினைவு வருகிறது என்பது நமக்குப் பெருமைதான்.

முன்னிலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நடுவில் எழுந்து போகாதீர்கள். 2021-இல் முதல் பகுதி முடிவில் டெக்சஸ் 28–7. கடைசி 3 விநாடியில் ஓக்லஹோமா டச் டவுன் போட்டு 55–48. 2018-இல் ஓக்லஹோமா நான்காவது பகுதியில் மூன்று டச் டவுன் போட்டு 45–45 ஆக்கியது, அதற்குப் பிறகு கேமரன் டிக்கர் உதைத்த பந்து எங்களைக் காப்பாற்றியது. 2023-இல் 15 விநாடி மீதமிருக்கும்போது பறிகொடுத்தோம், 34–30. 2022-இன் 49–0 போன்ற ஒருதலை ஆட்டங்களும் உண்டு. ஆனால் அதை நம்பி எழுந்து போகமுடியாது.

எதிரணி ரசிகர்களோடு

கேலி இருக்கும், சகஜம். ஸ்கோர், பயிற்சியாளர், போன வருடம், எல்லாம் கேலிக்கு உட்பட்டவை. ஆளின் தோற்றம், குடும்பம், பிறந்த நாடு எதுவும் உட்பட்டதல்ல. யாராவது அந்த எல்லையைத் தாண்டினால் பதில் பேசாமல் அரங்கப் பணியாளரிடம் சொல்லுங்கள், அதற்காகவே ஒவ்வொரு பிரிவிலும் ஆள் இருக்கிறார்கள். குடித்துவிட்டுத் தள்ளாடுபவர்களிடமும் அதே வழிதான். எனக்குத் தெரிந்தவரை அந்தப் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் நம்மைப் போலவே மூன்று தலைமுறையைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். பொருட்காட்சி வரிசையில் அவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், பழைய ஆட்டங்களைப் பற்றி அவர்கள் சொல்லத் தொடங்கினால் கார்னி டாக் வரிசை நகர்வதே தெரியாது.

முடிந்தபிறகு

ஜெயித்தால் உடனே வெளியேறாதீர்கள். வென்ற அணிக்குக் கோல்டன் ஹேட் கிடைக்கும். தங்க நிறத்தில் பெரிய கௌபாய் தொப்பி, 1941 முதல் இருக்கும் கோப்பை. ஆட்டக்காரர்கள் அதை ஒருவர் மாற்றி ஒருவர் தலையில் வைத்துக்கொண்டு நம் பாதியை நோக்கி ஓடிவருவார்கள். எதிர்ப் பாதி அதற்குள் காலியாகி வெறும் பெஞ்சாகத் தெரியும், நம் பாதியில் ஒருவர்கூட நகர்ந்திருக்கமாட்டார்கள். பாட்டு முடியும்வரை நில்லுங்கள்.

தோற்றால், அந்தத் தொப்பியைப் பார்க்க நிற்கவேண்டாம். நேராகப் பொருட்காட்சிக்குள் போய்விடுங்கள். டெக்சஸ் ஸ்டார் என்ற 212 அடி ராட்டினம் இருக்கிறது, பிள்ளைகள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஜெயித்தவர்களுக்கும் இதே யோசனைதான் சொல்வேன். ஏனென்றால் ஆட்டம் முடிந்த முதல் ஒரு மணி நேரம் ஃபேர் பார்க் ரயில் நிலையத்தில் கால் வைக்க இடமிருக்காது. மீதமிருக்கும் கூப்பனைச் செலவழித்து, தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எம்.எல்.கே. ஜூனியர் நிலையம் பக்கம் நடந்தால் நெரிசல் தணிந்திருக்கும். பச்சைத் தடத்தில் டவுன்டவுன் போகும் திசையைப் பார்த்து ஏறுங்கள். வேறு தடத்துக்கு மாறவேண்டியவர்கள் மாறும் நிலையத்துக்கு முன்னாலேயே கதவுப் பக்கம் வந்துவிடுங்கள், அவ்வளவு பேரைத் தாண்டி இறங்க நேரம் பிடிக்கும்.